பழக்கத்தை மாற்றுவது எப்படி: குன்யாக் கடையிலிருந்து தொடங்கி

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பலா இலையைத் துடைத்தாள், குச்சியால் ஈர மண்ணைத் தொட்டு இலையின் மேல் இழுத்தாள், நடுவில் இரண்டு கூழாங்கல்லை வைத்து நாலு பக்கமும் மடித்து "அப்பா, இந்தாங்க" என்று நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டதும் திரும்பி வாசல் ஓரமாகத் துப்பினாள். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குச்சியை இழுத்த விதம் எங்கள் தெருமுனைக் கடைக்காரருடையது, துப்பிய விதம் என்னுடையது.

வெளியூர்க்காரர்களுக்காக: குன்யா என்பது பர்மாவில் வெற்றிலைச் சுருளுக்குப் பெயர். சுண்ணாம்பு, பாக்கு, பெரும்பாலும் புகையிலையும் சேர்த்து மடித்துத் தருவார்கள். யாங்கோனில் பஸ் நிறுத்தம் இருக்கும் இடமெல்லாம் ஒரு குன்யாக் கடையும் இருக்கும். நான் அதைப் பதினேழு வருஷம் மென்றவன். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள், புகையிலை சேர்க்காத வெற்றிலைச் சுருளும் அப்படித்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. அது தெரிந்த பிறகும் மென்றேன். தெரிந்துகொள்வது வேறு, விடுவது வேறு என்பதை அனுபவத்தில் கண்டவன் என்ற முறையிலும், வாரக்கடைசியில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். ஒரு பழக்கத்தை, உங்களுடையதோ உங்கள் பிள்ளையுடையதோ, முதல் தடவையாக மாற்ற நினைப்பவர்களுக்காக.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஆளின் குணத்தை ஆராயாதீர்கள். அந்தச் செயலுக்கு முந்தைய நிமிஷம் என்ன நடந்தது, பிந்தைய நிமிஷம் என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

பழக்கம் எங்கிருந்து வருகிறது

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பழக்கம் அழுத்தமானது என்ற அளவில் அது சரி, மாறவே மாறாது என்ற பொருளில் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே தேநீர்க் கடையில் பரிமாறும் பையனைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பது போல ஒரு சத்தம் எழுப்புவோம். பையன் திரும்பிப் பார்ப்பான், டீ வரும். சென்னையில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு ஹோட்டலில் அதே சத்தத்தை என்னையறியாமல் எழுப்பினேன், பரிமாறுகிறவர் முகம் சிவந்துவிட்டது. மறுநாளிலிருந்து கையைத்தான் தூக்கினேன். யாங்கோன் திரும்பியதும் பழையபடி உதடு குவிந்தது. ஆள் ஒன்றுதான், இடமும் அங்கே கிடைக்கும் பலனும்தான் மாறின.

இதை முதன்முதலில் முறையாக அளந்து பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் எட்வர்ட் தார்ண்டைக். பசித்த பூனையைப் பெட்டிக்குள் அடைத்து, வெளியே உணவு வைத்து, உள்ளே ஒரு கயிற்றையோ மிதியையோ அசைத்தால் கதவு திறக்கும்படி செய்திருந்தார். முதலில் பூனை கண்டபடி பிறாண்டும், தற்செயலாகக் கதவு திறக்கும். மறுபடி மறுபடி அடைக்க அடைக்க வெளியே வரும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. 1898-இல் இதை எழுதினார். திருப்தியான பலன் தந்த செயல் மறுபடி வரும், தராதது மெல்ல உதிரும் என்பதுதான் அதன் சாரம்.

ரஷ்யாவின் பாவ்லோவ் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். உணவுக்கு முன்னால் வழக்கமாக வரும் சத்தத்தைக் கேட்டாலே நாயின் வாயில் எச்சில் ஊறும். எனக்கும் அப்படித்தான், கடைக்காரர் சுண்ணாம்பு டப்பாவின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே ஊறிவிடும், பாக்கு வாய்க்குள் போக வேண்டியதே இல்லை. மூன்றாவதாக உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா. 1961-இல் ஸ்டான்ஃபோர்டில் பெரியவர் ஒருவர் பெரிய பொம்மையை அடிப்பதைச் சிறு பிள்ளைகளைப் பார்க்கவைத்தார். பார்த்த பிள்ளைகள் பலர் பிறகு அதே பொம்மையை அதே மாதிரி அடித்தார்கள், அதே சொற்களைக்கூடச் சொன்னார்கள். பரிசு இல்லை, கட்டளை இல்லை, பார்த்தது மட்டுமே. என் மகளின் பலா இலையைப் பற்றி இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, இனி செய்ய வேண்டியதற்கு வருவோம்.

முதல் படி: எண்ணக்கூடிய செயலாக எழுதுங்கள்

"சோம்பேறி", "அடங்காதவன்", "மன உறுதி இல்லை" இதையெல்லாம் எண்ண முடியாது, எண்ண முடியாததை மாற்றவும் முடியாது. "ஒரு நாளில் எத்தனை குன்யா" என்றால் எண்ணலாம். "வாசிக்கச் சொன்னதும் நோட்டைத் தள்ளிவிடுகிறான்" என்றால் எண்ணலாம். செத்தவர் செய்யக்கூடியதை இலக்காக வைக்காதீர்கள் என்று நடத்தையை ஆராயும் துறையில் சொல்வார்கள். "சத்தம் போடாமல் இருக்க வேண்டும்" என்பது அப்படிப்பட்ட இலக்கு. "கை தூக்கிக் கேட்க வேண்டும்" என்பது உயிருள்ள பிள்ளைக்கான இலக்கு.

இரண்டாம் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு ரொம்ப உதவியதும் இதுதான். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் நேரம், இடம், யார் கூட இருந்தார்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பின் என்ன ஆனது என்று ஒரே வரியில் எழுதுங்கள். என் நோட்டில் இருந்த சில வரிகள்:

காலை 7.10, தேநீர்க் கடை, டீ குடித்து முடித்ததும். வாய் சுறுசுறுப்பு.
8.00, பஸ் நிறுத்தம், பஸ் வரவில்லை. நேரம் போனது.
1.15, சோற்றுக்குப் பின், முதலாளி பக்கத்தில். அவரே நீட்டினார், பேச்சு ஆரம்பித்தது.
இரவு 7.40, கரண்ட் போய்விட்டது, வாசலில் பக்கத்து வீட்டு அண்ணன். ஒன்றாக மென்றோம்.

ஒரு நாளைக்கு எட்டோ ஒன்பதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன், எண்ணினால் பதினான்கு. அதைவிட முக்கியமான இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பதினான்கும் ஒரே பழக்கம் இல்லை. சில புகையிலைக்காக, சில சும்மா நிற்கும் நேரத்தைக் கடத்த, சில நாலு பேரோடு சேர்ந்திருக்க. காரணம் வெவ்வேறாக இருந்தால் மருந்தும் வெவ்வேறாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: அந்தச் செயல் எதைத் தருகிறது?

பெரும்பாலான செயல்கள் நாலில் ஒன்றைத் தருகின்றன. விரும்பிய பொருள், பிறர் கவனம், பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பித்தல், உடம்புக்கு நேரடியான ஒரு சுகம். இதைக் கண்டுபிடிக்காமல் செய்யும் எந்த முயற்சியும் எதிர்ப்பக்கம் போகலாம். எனக்கே அப்படி ஆனது.

எங்கள் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன். பிள்ளைகள் என்னைச் சயா, அதாவது ஆசிரியர், என்று கூப்பிடுவார்கள், பர்மியப் பள்ளியிலிருந்து வந்த வழக்கம். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பத்தி வாசிப்போம். இவன் பக்கத்துப் பையனின் காலை மிதிப்பான், பென்சிலை உருட்டிவிடுவான், கடைசியில் கத்துவான். நான் வெளியே போய் நில் என்று அனுப்புவேன். கண்டிப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு. வாரத்துக்கு வாரம் அது அதிகமானது. குன்யாவுக்கு எழுதிய மாதிரியே இவனுக்கும் மூன்று வாரம் எழுதிப் பார்த்தேன். எட்டு தடவை கலாட்டா, அதில் ஏழு தடவை வாசிக்கும் முறை இவனுக்கு வர இரண்டு பேர் இருக்கும்போது. அவனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை, மற்ற பிள்ளைகள் முன்னால் தடுமாறப் பயம். வெளியே நிற்பது அவனுக்குத் தண்டனையே இல்லை, விடுதலை. அந்த விடுதலையை வாரம் தவறாமல் நானே கொடுத்து, கலாட்டா செய்ய அவனுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

நான்காம் படி: முன்னால் இருப்பதை மாற்றுங்கள்

மன உறுதியை நம்பி இறங்குவதைவிட இது எளிது. 1970 டிசம்பரில் பர்மாவில் சாலையின் இடப்பக்கம் ஓடிய வண்டிகள் எல்லாம் ஒரே நாளில் வலப்பக்கம் மாறின. லட்சக்கணக்கானவர்களின் கைப்பழக்கம் அது. ஒவ்வொருவரும் தனித்தனியாக மனசைத் திடப்படுத்திக்கொண்டதால் நடந்ததில்லை, சட்டம் மாறியது, எதிரே வரும் வண்டியும் மாறியது, பழையபடி ஓட்டினால் மோதும். சுற்றுப்புறம் மாறினால் கை தானே மாறும்.

நான் செய்தது இவ்வளவுதான். பையில் பொட்டலம் வைத்துக்கொள்வதை நிறுத்தினேன், வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் கடைக்கு நடந்து போக வேண்டும். ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் பஸ் ஏறினேன், அங்கே கடை சாலைக்கு எதிர்ப்பக்கம். காலை டீயை வேறு கடையில் குடித்தேன். அந்த மூன்று மாற்றத்தால் மட்டுமே பதினான்கு ஒன்பதாகக் குறைந்தது. பிள்ளை போனைவிட்டு நகர மாட்டேன் என்கிறதா, போன் இரவில் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும். படிக்க வேண்டுமா, புத்தகம் அலமாரியில் இருக்கக் கூடாது, திறந்தபடி பாயில் கிடக்க வேண்டும்.

ஐந்தாம் படி: காலி இடத்தில் வேறொன்றை வையுங்கள்

பழைய செயல் தந்ததையே புதியதும் தர வேண்டும், இல்லையென்றால் நிற்காது. வாய் எதையாவது மெல்லத் துடித்த நேரத்துக்குச் சோம்பும் கிராம்பும் வைத்துக்கொண்டேன். கரண்ட் போன இரவுகளில் எனக்கு வேண்டியிருந்தது பக்கத்து வீட்டு அண்ணனின் துணை, குன்யா இல்லை. அவரிடமே சொன்னேன், "அண்ணே, நான் விட்டுக்கிட்டு இருக்கேன், நீங்க நீட்டாதீங்க, ஆனா உட்கார்ந்து பேசுவோம்" என்று. அவர் ஒரு பிளாஸ்க்கில் வெறும் தேநீர் கொண்டுவர ஆரம்பித்தார். விடாமல் நகம் கடிப்பது போன்ற பழக்கங்களுக்கு இதையே முறையாக அஸ்ரின், நன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1973-இல் வகுத்தார்கள். கை வாய்க்குப் போகும் முதல் அசைவை அடையாளம் காண வேண்டும், அந்தக் கணமே கையை மூடி அழுத்துவது போல, பழைய செயலோடு கூடவே செய்ய முடியாத இன்னொன்றைச் செய்ய வேண்டும்.

அந்தப் பையனுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன்: "சயா, எனக்குக் கொஞ்சம் கழிச்சு." அதைச் சொன்னால் அடுத்தவருக்கு முறை போய்விடும், கேள்வி கிடையாது. முதல் ஞாயிறு நாலு தடவை சொன்னான், நாலு தடவையும் விட்டேன். மற்ற பெற்றோருக்கு இது செல்லம் கொடுப்பதாகப் பட்டது. ஆனால் கத்துவதால் கிடைத்தது இப்போது ஒரு வாக்கியத்தால் கிடைக்கிறது, பிறகு எதற்குக் கத்த வேண்டும்?

ஆறாம் படி: படிப்படியாக, உடனுக்குடன்

தப்பிக்க வழி கொடுத்தால் மட்டும் வாசிக்க வந்துவிடாது. இங்கேதான் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் காட்டிய வழி. புறாவை முழு வட்டம் சுற்றவைக்க, அது சுற்றும்வரை அவர் காத்திருக்கவில்லை. தலையைச் சற்றே திருப்பினால் தானியம், அது பழகியதும் உடம்பு பாதி திரும்பினால்தான் தானியம், அப்புறம் முக்கால், அப்புறம் முழுசு. சில நிமிஷங்களில் புறா சுற்றும்.

பையனுக்கு முதல் வாரம் ஒரே ஒரு சொல், அவன் பெயர். அடுத்து என்னோடு சேர்ந்து ஒரு வரி. பள்ளியில் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லியே பழகிய பிள்ளை, துணைக்குக் குரல் இருந்தால் அவனுக்குப் பயமில்லை. பிறகு வரியின் நடுவில் என் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "பழம்" என்று தனியாகச் சொன்னான், 'ழ' சுத்தமாக வந்தது. அந்த நொடியே "ழ சரியா வந்துச்சு பாரு" என்றேன். "நல்ல பையன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், எது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள், உடனே சொல்லுங்கள். வருஷக் கடைசியில் சைக்கிள் என்ற வாக்குறுதியைவிட அந்த நிமிஷத்துப் புன்னகைக்குப் பலம் அதிகம். மூன்று மாதத்தில் நாலு வரி வாசித்தான்.

நம் பாட்டிமார் "சாப்பிட்டு முடி, அப்புறம் விளையாடப் போ" என்பார்களே, அதுவும் ஒரு நுட்பம்தான். அடிக்கடி தானாகச் செய்யும் செயலை, செய்யத் தயங்கும் செயலுக்குப் பின்னால் வைப்பது. டேவிட் பிரிமாக் இதை ஆராய்ச்சியில் நிறுவினார். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். "விளையாடிட்டு வந்து சாப்பிடு" என்றால் ஒன்றும் நடக்காது.

பழக்கம் நிலைத்த பின் பாராட்டை மெல்ல இடைவெளி விட்டுக் கொடுங்கள், எப்போது வரும் என்று தெரியாதபடி. எப்போதாவது கிடைக்கும் பலன்தான் செயலை நீண்ட நாள் தாங்கும். இது நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. நம் ஊரில் டூடி, த்ரீடி என்று இரண்டு, மூன்று இலக்க எண்ணில் பணம் கட்டிச் சூதாட்டச் சீட்டு எழுதுகிறவர்களைப் பாருங்கள், எப்போதோ ஒரு தடவை விழுந்ததால்தான் விடவே முடிவதில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதும் இதே ரகம்.

ஆரம்பத்தில் மோசமாகும், பயப்படாதீர்கள்

கடையில் மிட்டாய்க்கு அழும் பிள்ளைக்கு இனி வாங்கித்தருவதில்லை என்று முடிவு செய்கிறீர்கள். முதல் நாள் அழுகை கூடும், தரையில் புரளும். இது வழி தவறிவிட்டதற்கு அடையாளமில்லை. வழக்கமாகத் திறக்கும் கதவு திறக்காவிட்டால் நாம்கூட இன்னும் வேகமாகத்தான் தட்டுவோம். அந்த உச்சத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டால், இவ்வளவு அழுதால் கிடைக்கும் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும், முன்பைவிடக் கஷ்டம். தாங்க முடியாது என்று தோன்றினால் அன்றைக்கு ஆரம்பிக்கவே வேண்டாம். மாமியார், தாத்தா, வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.

அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அடியாத மாடு படியாது" என்று நம்மில் பலர் வளர்ந்தோம், நானும் அடி வாங்கியவன். அடித்தால் அந்த நிமிஷம் நின்றுவிடும். அதனால் அடித்தவருக்கே பலன் கிடைத்து, அடிக்கும் பழக்கம் வளர்கிறது. பிள்ளை கற்றுக்கொள்வது அடிப்பவர் இல்லாத இடம் எது என்பதையும், கோபம் வந்தால் கையை நீட்டலாம் என்பதையும்தான். எப்படிச் செய்ய வேண்டும் என்பதை அடி சொல்வதில்லை.

பயமும் கற்றதுதான், அதையும் கரைக்கலாம். மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் எழுதிய சோதனையில் முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கிட்டே நகர்த்தினார்கள், முடிவில் தொட்டு விளையாடினான். நம் தெரு நாய்களுக்குப் பயப்படும் பிள்ளைக்கும் இதே வழிதான். அவசரப்பட்டுப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

எத்தனை நாள் ஆகும்?

21 நாள் என்று பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த, 2010-இல் வெளியான ஆய்வில், தினமும் ஒரு புதிய செயலைச் செய்தவர்களுக்கு அது தானாக வரும் நிலையை அடைய நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கிட்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

விட்ட பழக்கம் திரும்பித் தலைகாட்டும், அதையும் எதிர்பாருங்கள். பாவ்லோவின் நாய்களுக்கே, சத்தம் கேட்டும் உணவு வராததால் அடங்கிப்போன எச்சில் இடைவெளிக்குப் பின் மறுபடி ஊறியது. ஐந்தாம் மாதம் ஒரு கல்யாணத்தில் எனக்கு அப்படி ஆனது. தாம்பூலத் தட்டை நீட்டினார்கள், மறுப்பது மரியாதை இல்லை, எடுத்தேன், மென்றேன், அன்று இரவுக்குள் கடையில் மூன்று. மறுநாள் நோட்டில் எழுதினேன்: "மாலை 6, கல்யாணக் கூடம், தட்டு நீட்டினார்கள்." இப்போது தட்டு வந்தால் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, கைக்குட்டையில் மடித்துப் பையில் வைத்துவிடுகிறேன். யாரும் வருத்தப்பட்டதில்லை.

நோட்டு மட்டும் போதாத இடங்களும் உண்டு. தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவர் துணையோடுதான் செய்ய வேண்டும். குன்யா மெல்கிறவர்களுக்கு வாய் முன்போலத் திறக்காவிட்டால், காரம் தாங்க முடியாமல் எரிந்தால், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்து ஆறாவிட்டால், முதலில் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள், பழக்கத்தை விடும் வேலை அதோடு சேர்ந்து நடக்கட்டும். பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலும் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

என் மகளுக்கு இப்போது ஏழு வயது. போன வாரம் அவளாகவே ஒரு நோட்டு கேட்டாள். எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்றால், "அப்பா, கரண்ட் வந்ததும் நீங்க முதல்ல போனைத்தானே எடுக்கிறீங்க, நான் எண்ணப்போறேன்" என்கிறாள். முதல் மூன்று நாளுக்குப் பதினொரு கோடு போட்டிருக்கிறாள். இந்த வாரம் முழுக்க எதையும் மாற்றாமல் எண்ணட்டும் என்று விட்டிருக்கிறேன்.